கொக்கிக்கு டியூசன், ஒற்றுக்கு யாருமில்லை

உளுந்துக்கு மருந்தடிக்கிறது பத்தி எழுதுறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். கெடக்கட்டும், உளுந்து எங்கயும் ஓடிப்போகாது. இன்னைக்கு வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு, அதைக் கொட்டிட்டுத்தான் மத்தது.

எம் பேத்தி மூணாங்கிளாஸ் படிக்கிறா, இங்கிலீஷ் மீடியம். போன செவ்வாய்க்கிழமை வேன்ல இருந்து இறங்கும்போதே அழுதுக்கிட்டு இறங்குனா. என்னத்தான்னு கேட்டா பரீட்சைப் பேப்பரை நீட்டுறா. இங்கிலீஷ்ல மூணு மார்க் போச்சு. 'பசுவோட வால்', 'பசுக்களோட வால்' ரெண்டையும் இங்கிலீஷ்ல எழுதச் சொல்லியிருக்காங்க. ஒரு பசுன்னா எஸ்ஸுக்கு முன்னால மேல ஒரு கொக்கி போடணுமாம். நிறைய பசுன்னா எஸ்ஸுக்குப் பின்னால போடணுமாம். அப்பாஸ்ட்ரஃபின்னு அதுக்குப் பேரு. பிள்ளை ரெண்டுலயும் முன்னாலயே போட்டுருச்சு. மருமக அன்னைக்குச் சாயங்காலமே டியூசன் மிஸ்ஸுக்குப் போன் போட்டாச்சு. மாசம் ஐநூறு ரூவா கூடக் குடுத்தா கிராமர் தனியா எடுப்பாங்களாம்.

படிக்கட்டும், நான் குறை சொல்லல. ஆனா அதே பைக்குள்ள தமிழ்ப் பேப்பரும் இருந்துச்சு. எடுத்து வாசிச்சேன். 'ஆடு குட்டி துள்ளியது. மாடு கொட்டகை பெரியது. ஆறு தண்ணீர் ஓடியது.' எல்லாத்துக்கும் சிவப்பு மையில டிக். நூத்துக்குத் தொண்ணூத்தாறு. கீழ வெரி குட்.

ஆடு குட்டி! ஆடு ஒரு பக்கம் நிக்குது, குட்டி ஒரு பக்கம் நிக்குது. யாரோட குட்டின்னு கேக்க நாதியில்ல. பேத்தியைக் கூப்பிட்டு, "தொழுவுல நிக்குதே, அது என்னத்தா?"ன்னு கேட்டேன். "ஆட்டுக்குட்டி தாத்தா"ன்னு பளிச்சுன்னு சொல்றா. "பெறகு ஏன் பேப்பர்ல ஆடு குட்டின்னு எழுதுன?" "அது பேசுறது தாத்தா, இது எழுதுறது."

இந்த ஒரு பதில்தான் என்னைய ரெண்டு நாளா தூங்கவிடல. வாய்க்கு வந்தது கைக்கு வராமப் போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போகாத எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சது, பள்ளிக்கூடம் போய் மறந்துபோயிருக்கு.

இங்கிலீஷ்காரன் 'இது இன்னாரோடது'ன்னு காட்ட மேல ஒரு கொக்கியைத் தொங்கவிடுறான். நம்ம தமிழ்ல அந்தக் கொக்கி சொல்லுக்குள்ளயே இருக்கு. ஆடு ஆட்டு ஆகுது. கிணறு கிணற்று ஆகுது. மரம் மரத்து ஆகுது. அந்த ட், அந்த ற், அந்த த்து வந்தாலே 'இதோட'ன்னு அர்த்தம். அதுக்கு அடுத்த சொல்லு க, ச, த, ப-ல ஆரம்பிச்சா நடுவுல இன்னொரு ஒற்றும் வந்து ரெண்டையும் சேர்த்துத் தைக்கும். மாட்டுத்தொழு, குருவிக்கூடு, வாழைத்தண்டு, வெள்ளரிப்பிஞ்சு. அதுவும் பத்தலைன்னா 'இன்' இருக்கு, 'உடைய' இருக்கு, பேச்சுல 'ஓட' இருக்கு. இவ்வளவு வச்சிருக்கிற பாஷையில மூணாங்கிளாஸ் பிள்ளை 'ஆடு குட்டி'ன்னு எழுதி தொண்ணூத்தாறு வாங்குது.

டீக்கடையில இதைச் சொன்னா, நம்மாளு ஒருத்தர் (அவரும் இதை வாசிப்பார், வாசிக்கட்டும்) "புரியுதுல்ல அண்ணாச்சி, பெறகு என்ன? ஒத்து இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"ன்னாரு. புரியுமா? ரோட்டுக்கு வாங்க. சாத்தூர்ல இருந்து சிவகாசி போற வழியில தீபாவளிக்கு முன்னால எத்தனை போர்டு, 'பட்டாசு கடை'ன்னு. பட்டாசைக் கடைஞ்சா என்ன ஆகும்? வெடிக்கும். அது சிரிப்புன்னு விடுங்க. 'கீரைக்கடை'ன்னா கீரை விக்கிற இடம். 'கீரை கடை'ன்னா மத்தை எடுத்துச் சட்டியில கடைன்னு அர்த்தம். 'தயிர்க்கடை'யும் அப்படித்தான். ஒரு 'க்' வித்தியாசத்துல ஒண்ணு கடைவீதி, இன்னொண்ணு அடுப்படி.

இன்னொண்ணு சொல்றேன். போன வைகாசியில ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு, தங்க எழுத்துல. நம்ம பக்கத்துல அச்சாகாத பத்திரிகை உண்டா? காலண்டர், டைரி, நோட்டு, பத்திரிகை எல்லாத்துக்கும் சிவகாசிதான். அதுல பெரிசா போட்டிருந்தது: 'எங்கள் இல்ல திருமண விழா'. இல்லத் திருமணம்னு இருக்கணும். த் போச்சு. எங்க வீட்டுல வாசிச்சுட்டு, "இல்லயா? ஏன், நின்னுபோச்சா?"ன்னு கேட்டா. நல்ல காரியத்துல அபசகுனமா அச்சடிச்சு ஆயிரம் பேருக்குக் குடுத்திருக்காங்க, வாங்குன ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கும் உறுத்தல.

சிரிக்கிற கதை இவ்வளவுதான். சிரிக்க முடியாத கதை ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. இதுவரைக்கும் நான் எழுதினதில்லை.

எங்க அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிச்சது 1983-ல. நான் எட்டாவது படிச்சேன். பத்திரம் பதியல, ஊருக்குள்ளயே ஒரு கூறுசீட்டு. அன்னைக்கு ஊர்ல எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் எழுதினார். அவர் அஞ்சாவது வரைக்கும் படிச்சவர், காசு வாங்கல, நல்லெண்ணத்துலதான் எழுதினார். புஞ்சை எல்லாம் சரியாப் பிரிச்சாச்சு. நடுவுல கிணறு ஒண்ணு, ரெண்டு பங்குக்கும் மத்தியில. அதுக்கு அவர் எழுதுன வரி இதுதான்: 'தம்பி கிணறு தண்ணீர் பாதி பாத்தியம்.'

அஞ்சு சொல்லு. ஒரு உருபு இல்ல, ஒரு ஒற்று சேரல. எழுதும்போது எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. வேப்பமரத்தடியில உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும், கிணறு பொது, தண்ணியில ஆளுக்குப் பாதி. 'தம்பிக்குக் கிணற்றுத் தண்ணீரில் பாதி பாத்தியம்'னு எழுத நினைச்சிருக்கார். அந்த 'க்கு' விழுந்துபோச்சு.

ஏழெட்டு வருசம் ஒண்ணும் ஆகல. பெறகு தண்ணி கீழ போச்சு. கிணத்தை ஆழப்படுத்தணும், பாறை, வெடி வைக்கணும், செலவு. எங்க அப்பா கூறுசீட்டை எடுத்தாரு. "தம்பி கிணறுன்னுதானே எழுதியிருக்கு? கிணறு அவனோடது, எனக்குத் தண்ணியில பாதி. வெட்டுற செலவு அவனோடது"ன்னாரு. சித்தப்பா அதே சீட்டை வச்சுக்கிட்டு, "தம்பிக்குப் பாதின்னுதான் அர்த்தம், கிணறு அண்ணன் பங்குல இருக்கு, அவர் வெட்டட்டும், நான் பாதி தாரேன்"ன்னாரு. எப்படியோ பேசி வெட்டியாச்சு. அடுத்து மோட்டாருக்குக் கரண்டு வந்துச்சு. யார் பேர்ல இணைப்புன்னு கேள்வி. இப்ப பேச்சு தலைகீழாப் போச்சு. அப்பா 'தம்பிக்கு'ன்னு வாசிக்கிறாரு, சித்தப்பா 'தம்பியின்'னு வாசிக்கிறாரு. செலவு வந்தா கிணறு உன்னோடது, கரண்டு வந்தா கிணறு என்னோடது. ரெண்டு பேரும் பொய் சொல்லல. அந்த வரி ரெண்டுக்கும் இடம் குடுத்துச்சு.

கோர்ட்டுக்குப் போச்சு. ஒம்பது வருசம் வாய்தா. எங்க பக்கம் ஒரு சோடி மாடும் ரோட்டோரத்து அரை ஏக்கரும் போச்சு, அவங்க பக்கம் என்ன போச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியாது, சித்தி கழுத்துல ஒண்ணும் இல்லாம இருந்தது தெரியும். கடைசியில சமாதானம். என்ன சமாதானம்? கிணறு பொது, ஆளுக்குப் பாதி. வேப்பமரத்தடியில பேசுனது அதுவேதான்.

சித்தப்பா செத்த அன்னைக்கு அப்பா கேதத்துக்குப் போகல. வாசல்ல கயித்துக் கட்டிலைப் போட்டு உக்காந்துக்கிட்டு, எதிர்த்த தெருவுல கொட்டு சத்தம் கேக்குறதை விடியவிடியக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் போனேன். திரும்பி வந்தப்போ, "மூஞ்சி எப்படிடா இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாரு.

இதைச் சொன்னா படிச்சவங்க ஒரு கேள்வி கேப்பாங்க. தம்பிங்கிறது மனுசன், அதுக்குப் பின்னால ஒற்று வராதே, ஒற்றைப் படிச்சிருந்தா மட்டும் கிணறு தப்பியிருக்குமான்னு. நல்ல கேள்வி. ஒற்றுப் படிக்கிறவன் அதோட சேர்த்து இன்னொண்ணும் படிக்கிறான். தமிழ்ல 'உடைய'வை வெளிய சொல்லாம ஒளிச்சு வைக்கலாம், 'க்கு'வையும் ஒளிச்சு வைக்கலாம். தொகைன்னு அதுக்குப் பேரு. எப்ப ஒளிச்சா அழகு, எப்ப ஒளிச்சா ஆபத்துன்னு தெரிஞ்சுக்கிறதுதான் படிப்பு. 'அண்ணாச்சி கடை'ன்னு ஒளிச்சு எழுதலாம், யாருக்கும் சந்தேகம் வராது. சொத்து எழுதுற எடத்துல ஒளிக்கக்கூடாது. அதை மூணாங்கிளாஸ்லயே 'ஆடு குட்டி'யைச் சுழிச்சு மார்க் குறைச்சு ஆரம்பிக்கணும். சரின்னு டிக் போட்டா, அந்தப் பிள்ளை வளர்ந்து கூறுசீட்டு எழுதும்.

கொக்கி விசயத்துக்கு வாரேன். அந்தக் கொக்கிக்காக அழுத எம் பேத்திக்காக மகன் போன்ல தேடிப் பார்த்துச் சொன்னான். கொக்கி பிறந்த நாட்டுலயே அதுக்கு நிம்மதி இல்லையாம். இங்கிலாந்துல பர்மிங்காம் மாநகராட்சி, தெருப் பெயர்ப் பலகையில இனிமே கொக்கியே வேண்டாம்னு 2009-ல முடிவு பண்ணிருச்சாம். ஜான் ரிச்சர்ட்ஸ்னு ஓய்வு பெற்ற பத்திரிகைக்காரர் ஒருத்தர், கொக்கியைக் காப்பாத்துறதுக்குன்னே 2001-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சிருக்கார். தப்பா எழுதுற கடைக்காரங்களுக்கு மரியாதையா லெட்டர் போடுவாங்களாம். 2019-ல அவருக்கு 96 வயசு. சோம்பேறித்தனம் ஜெயிச்சுருச்சுன்னு வருத்தப்பட்டுச் சங்கத்தை மூடிட்டாராம். அந்த மனுசன் மேல எனக்குப் பெரிய மரியாதை வந்துருச்சு. தோத்தாலும் பதினெட்டு வருசம் தன் பாஷைக்கு ஒரு கொக்கியை விடாமப் பிடிச்சிருந்தாரே. நம்ம ஊர்ல அவருடைய கொக்கிக்கு மாசம் ஐநூறு ரூவா குடுக்குறோம், நம்ம ஒற்றுக்கு லெட்டர் போட ஒரு ஆள் இல்லை.

ஏன் இல்லைங்கிறதுக்கு நம்ம தமிழ்ப் பெரியவங்களும் ஒரு காரணம். கோவிச்சுக்கக்கூடாது. ஒற்று வருதான்னு கேட்டா, "அது வன்தொடர்க் குற்றியலுகரம், இது ஆறாம் வேற்றுமைத் தொகை, அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்"னு ஆரம்பிப்பாங்க. பேரைக் கேட்டதும் பிள்ளை ஓடிரும். விதி தப்புன்னு சொல்லல. நன்னூல் எழுதுன பவணந்தி முனிவர் நம்ம வாயைக் கேட்டுத்தான் விதி எழுதினாரு, விதியை எழுதிட்டு நம்ம வாயைத் திருத்தல. நாம இப்ப விதியை முதல்ல குடுத்து வாயைக் கடைசியில கேக்குறோம். மாட்டுக்கு முன்னால வண்டியைப் பூட்டுனா எப்படி நகரும்?

அதோட பரீட்சை. குரூப் 4-க்குப் படிக்கிற பையங்க எங்க தெருவுலயே ஆறு பேர். தமிழ்ல நூறு கேள்வி, அதுல 40 விழுக்காடு எடுக்கலைன்னா மத்த பகுதியைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. அதனால சேர்த்தெழுதுக, பிரித்தெழுதுக, சந்திப்பிழை எல்லாம் மனப்பாடம். நாலு விடையில எது சரின்னு சரியா டிக் அடிப்பான். அதே பையன் வாட்ஸ்அப்ல 'ஆட்டு கறி இருக்கா மாமா'ன்னு அனுப்புறான். அவனுக்கு ஒற்று சர்க்கார் வேலைக்கான விண்ணப்ப நம்பர் மாதிரி. வேலை கிடைச்சதும் தேவையில்ல.

எங்க தமிழய்யா வேற மாதிரி. ஒம்பதாவதுல அவர்கிட்ட படிச்சேன். வெள்ளிக்கிழமை ஆனா ஆளுக்குப் பத்துச் சொல்லு வீட்டுல இருந்து, காட்டுல இருந்து கொண்டுவரணும். புத்தகத்துச் சொல்லு செல்லாது. நாங்க கொண்டுபோவோம்: கம்பங்கூழ், புளியங்கொட்டை, வேப்பம்பூ, ஆட்டுக்கிடை, வண்டிப்பாதை, பருத்திக்கொட்டை, கிணத்துமேடு. ஒவ்வொண்ணா போர்டுல எழுதி நடுவுல பிளப்பாரு. கம்பு, கூழ். "நடுவுல இந்த 'அங்' எங்கடா இருந்து வந்துச்சு? உங்க ஆத்தா போட்டது. ஏன் போட்டா? எடுத்துட்டுச் சொல்லிப் பாரு." கம்பு கூழ். வாயில கல்லு கடிச்ச மாதிரி இருக்கும். மொத்த வகுப்பும் சிரிக்கும். அவ்வளவுதான் பாடம். விதியோட பேரை மாசம் கழிச்சுச் சொல்லுவாரு, அப்ப அது பழகுன ஆளுக்குப் பேர் வைக்கிற மாதிரி இருக்கும்.

அவர் சொன்ன ஒரு சூத்திரம் இன்னும் எனக்குச் சோறு போடுது. "மாட்டுக்கு ஒத்துப் போடு, மனுசனுக்குப் போடாதே." நடுவுல 'உடைய' போட்டுப் பாரு. பொருந்துச்சுன்னா, முன்னால நிக்கிறது ஆடு மாடு மரம் செடியா இருந்தா ஒற்று வரும்: புலிப்பல், குருவிக்கூடு, யானைத்தலை. மனுசனா இருந்தா வராது: தம்பி பல், பாட்டி கதை, தாத்தா தோட்டம். சொல்லிப் பாருங்க. 'பாட்டிக்கதை'ன்னு சொன்னா பாட்டியைக் கதையா ஆக்குன மாதிரி இருக்கும். இதுக்கு விதிவிலக்கு நிறைய கெடக்கு, தெரியும். பத்துல எட்டு சரியா வந்தாப் போதும், மிச்சம் ரெண்டைக் கேட்டுக்கலாம்.

நடுவுல ஒரு சங்கதி. நான் மூணாவது படிக்கும்போது, 1978-ல, எம்.ஜி.ஆர். ஆட்சியில பெரியார் எழுத்து வந்துச்சு. அதுவரைக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேல சுழிச்சுப் போட்டுக்கிட்டிருந்த லை, ணை, னை எல்லாம் ஒரே வருசத்துல மாறிப்போச்சு. எங்க அப்பா கடைசி வரைக்கும் பழைய லைதான் போடுவாரு. பிள்ளைங்க நாங்க ஒரு மாசத்துல பழகிட்டோம். பிள்ளைகளுக்குக் கஷ்டம்னு யாரும் இப்ப என்கிட்ட சொல்லாதீங்க. எழுத்தையே மாத்தி எழுதப் பழகுன கூட்டம் நாங்க. அந்தச் சீர்திருத்தமும் ஒற்றைத் தொடல.

தமிழய்யா சொன்ன இன்னொண்ணுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'எனது நிலம்' சரி, 'எனது மாடு' சரி. 'எனது மகன்' தப்பு. 'என் மகன்'னுதான் எழுதணும். 'அது'ங்கிற உருபு பொருளுக்கு. மனுசனுக்கு வராது. தொல்காப்பியத்திலேயே இருக்காம், நம்பி மகன்னா நம்பியது மகன்னு விரிக்கக்கூடாது, நம்பிக்கு மகன்னு விரிக்கணும்னு. அதாவது பிள்ளை உன் உடைமை இல்லை, உனக்குப் பிறந்தவன், அவ்வளவுதான். நம்ம ஊர்க் கிழவிகளும் "அவருக்கு ரெண்டு மகன்"னுதான் சொல்லும். இன்னைக்குப் பத்திரிகையைப் பாருங்க, பிளக்ஸைப் பாருங்க, 'எனது மகள்', 'எங்களது பேரன்'. பாஷை மாறும், பேப்பர்காரங்களே எழுதுறாங்க, இதுக்குச் சண்டை போடாதேன்னு மகன் சொல்றான். சண்டை போடல. ஆனா நம்ம பூமியில இந்த வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாத் தெரியணும்னு நினைக்கிறேன்.

ஏன்னா எங்கூட அஞ்சாவது படிச்ச பாதிப் பிள்ளைக ஆறாவதுக்கு வரல. தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியக்காலம் இருட்டோட ஊருக்கு வரும். வீட்டுல முன்பணம் வாங்கியிருப்பாங்க, அதுக்குப் பிள்ளை போகணும். கட்டை அடுக்கணும், லேபிள் ஒட்டணும். 'தீப்பெட்டி'ன்னு சொல்லாத நாள் கிடையாது, அதுல ஒரு 'ப்' இருக்குன்னு எழுதிப் பார்த்ததும் கிடையாது. ஒட்டுற லேபிள்ல என்ன இருக்குன்னு வாசிக்கத் தெரியாது. 1986-ல சட்டம் வந்துச்சு, 1996 டிசம்பர்ல சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு, ஆபத்தான வேலையில வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு. அதுக்குள்ள எங்க செட்டுப் பிள்ளைக பிள்ளை பெத்தாச்சு. அவங்க பேரப்பிள்ளைக இன்னைக்கு எல்லாரும் பள்ளிக்கூடம் போகுது. பஸ்ஸுக்குப் பதிலா வேன் வருது. இவ்வளவு பாடுபட்டுப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுவந்த பிள்ளைக்கு அரைகுறை எழுத்தா குடுக்குறது?

அதுவும் சாத்தூர்ல. சேவும் வெள்ளரியும் மிளகாயும்தான் இன்னைக்கு எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்துல பேனா நிப்புக்குப் பேர் போன ஊரு இது. பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழில் படுத்துருச்சு. எத்தனை ஊர்ல எத்தனை கை எழுதுன எழுத்துக்கு முனை இங்க இருந்து போயிருக்கும்! அந்த ஊர்ல இன்னைக்கு 'சேவு கடை'ன்னு போர்டு.

கி.ரா. பேரைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பாங்க சிலர். பக்கத்துல இடைசெவல் சம்சாரி, பேச்சு வழக்குலயே எழுதிப் பெரிய ஆளானாரே, அவர் இலக்கணமா பார்த்தாருன்னு. அவர் பேச்சைக் கேட்டு எழுதினதாலதான் ஒற்று தானா வந்துச்சு. பேச்சுத் தமிழ்ல ஒற்று கிடையாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? 'ஆடு குட்டி' பேச்சுத் தமிழும் இல்ல, எழுத்துத் தமிழும் இல்ல. அது இங்கிலீஷ்ல யோசிச்சுத் தமிழ் எழுத்துல போட்டது. போன்ல பேசி எழுதுனாலும் இதே கூத்துதான், ஒற்றை முழுங்கிருது. இந்தப் பதிவையே பாதிக்கு மேல பேசித்தான் எழுதினேன், திருத்துறதுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. இன்னும் தப்பு இருக்கும். நான் பத்தாவதோட நின்னவன். கண்ணுல பட்டாச் சொல்லுங்க, மாத்திருவேன், கோவிக்க மாட்டேன்.

டீச்சர்மாருக்கு ஒண்ணே ஒண்ணு. சர்க்கார் பள்ளியில ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் 2022-ல இருந்து 'எண்ணும் எழுத்தும்' வந்து, பாட்டும் விளையாட்டுமாப் போகுது, பார்க்கவே நல்லாருக்கு. அந்த வயசுலதான் இதைச் செய்யணும். பிள்ளையை வாரம் பத்துச் சொல்லு வீட்டுல இருந்து கொண்டுவரச் சொல்லுங்க. காசு செலவு இல்ல, புத்தகம் வேண்டாம். இங்கிலீஷ் மீடியம்காரங்க கொக்கியைச் சொல்லிக் குடுக்கும்போதே பக்கத்துல 'பசுவின் வால், மாட்டுவால், மாட்டுக்கொம்பு'ன்னு மூணு சொல்லை எழுதிப் போட்டா ரெண்டு பாஷையும் சேர்ந்தே ஏறும். பேத்திக்கு நான் அப்படித்தான் சொன்னேன். பசுக்களோட கொக்கியும் இப்ப சரியாப் போடுறா. ஐநூறு ரூவாயை மருமக இன்னும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கா, அது வேற விசயம்.

கிணத்துக் கதையில ஒரு பாக்கி. சித்தப்பா மகன், எந்தம்பி, போன மாசம் வந்தான். பழைய மோட்டாரை எடுத்துட்டு ரெண்டு பேரும் சேர்ந்து புதுசு இறக்கலாம்னு பேச்சு. இந்தத் தடவை பதிஞ்சே வச்சுக்குவோம்னு முடிவு. எழுத்தர்கிட்ட போறதுக்கு முன்னால நானே ஒரு தாள்ல எழுதிப் பார்த்தேன்: 'தம்பிக்குக் கிணற்றின் தண்ணீரில் சரிபாதி பாத்தியம்.' உருபு, ஒற்று எல்லாம் சரி பார்த்தாச்சு. பெருமையா இருந்துச்சு. பேத்தியைக் கூப்பிட்டுச் சத்தமா வாசின்னேன். எழுத்துக்கூட்டி வாசிச்சா. வாசிச்சுட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தா.

"தாத்தா, எந்தத் தம்பிக்குன்னு எழுதலையே? உங்களுக்கு அருப்புக்கோட்டையில ஒரு தம்பி இருக்காருல்ல?"

தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். தாளை வாங்கி, 'தம்பிக்கு' முன்னால அவன் பேரையும் சித்தப்பா பேரையும் எழுதினேன்.